திரையில் வந்த குறைவுக்கு ஆளைப் பிடித்த கதை

நான் உள்தணிக்கையில் இருந்தபோது நடந்தது இது. பழைய சரக்குக் கணக்கை விட்டுப் புதிய ஈஆர்பி மென்பொருளுக்கு (நிறுவனத்தின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது) மாறி மூன்றாவது மாதம், கிடங்கில் சரக்கு குறைவதாகத் திரை காட்டியது. உடனே பல வருடமாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு விளக்கம் கேட்டு மெமோ. "கையால எண்ணின சீட்டெல்லாம் வச்சிருக்கேன் சார், ஒரு தடவை பாருங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை. சிஸ்டம் தப்பு பண்ணாது, அவ்வளவுதான் பதில்.

நான் லாக் கேட்டேன், அதாவது எந்த ஐடியில் எப்போது என்ன செய்தார்கள் என்று சிஸ்டம் தானே எழுதி வைக்கும் பதிவு. அது கைக்கு வரவே பத்து நாள் ஆனது. பார்த்தால், டேட்டாவை மாற்றும்போது பாதியில் நின்றுபோன ஓர் அப்லோடை மறுபடி முதலிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள், அதனால் சில பொருள்களின் தொடக்க இருப்பு இரண்டு முறை ஏறி, கணக்கில் இருப்பது கிடங்கில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதோடு போகவில்லை. யாரோ அதில் சிலவற்றைச் சத்தமில்லாமல் திருத்தியும் இருக்கிறார்கள், ஒரே அட்மின் ஐடியை மென்பொருள் விற்ற வென்டரின் ஆட்கள் உட்பட நாலு பேர் பயன்படுத்தியதால் யார் என்று சொல்ல முடியவில்லை. திருத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, இருந்தும் போர்டுக்குப் போன அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்.

பிரிட்டன் போஸ்ட் ஆபீஸின் ஹொரைசன் விவகாரத்தை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 1999-இல் வந்த ஃபுஜிட்சு மென்பொருள் அது. அது காட்டிய பணக்குறைவை நம்பி, கிளை அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். வெளியிலிருந்து கிளைக் கணக்கில் கைவைக்க முடியாது என்று நிர்வாகம் சாதித்தது, முடியும் என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2024-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்கினார்கள்.

எங்கள் ஆடிட் கமிட்டியில் இதையும் லாகையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசினேன். சரி என்று இரண்டு விதிகள் வந்தன: ஆளுக்கொரு ஐடி, அப்புறம் நேரில் எண்ணாமலும் லாகைப் பார்க்காமலும் குறைவை யார் தலையிலும் கட்டக்கூடாது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். வாய்வார்த்தை போதாது என்று கிடங்குக்காரர் பிடிவாதமாக நின்று, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டார்.