செலினியம் ஈஹெச்டி ரெக்டிஃபையருக்கு பதிலா சிலிக்கான் டயோடு போடலாமா?

வணக்கம் மக்களே, பழைய வால்வ் டிவி நோண்டுறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. என்கிட்ட 1950கள்ல வந்த பிரிட்டிஷ் 405 லைன் டிவி செட் (படத்த 405 கோடா வரையுற பழைய சிஸ்டம்) ஒண்ணு இருக்கு, பிக்சர் ட்யூபுக்கு ஹைவோல்டேஜ் (அதான் ஈஹெச்டி) குடுக்குற இடத்துல, ஏசிய டிசியா மாத்துற ரெக்டிஃபையரா வால்வுக்கு பதிலா செலினியம் ஸ்டிக் போட்டிருக்கான், வால்வ சூடாக்குற ஹீட்டர் வைண்டிங் வேணாம்ங்குற வசதிதான் காரணம்.

இப்ப பிரச்னை என்னன்னா பிரைட்னஸ் ஏத்துனா படம் பலூன் மாதிரி ஊதி மங்கிப்போயி ஃபோகஸும் போயிடுது. ஸ்டிக் வயசாகி ரெசிஸ்டன்ஸ் ஏறிடுச்சுன்னு நெனைக்கிறேன். மல்டிமீட்டர்ல வச்சா ரெண்டு பக்கமும் ஓப்பன்னு காட்டுது, ஆனா அது நம்ப முடியாது, உள்ள நூத்துக்கணக்குல குட்டி குட்டி தட்டு அடுக்கியிருக்கு, மீட்டர் பேட்டரி அதுக்கு எங்க பத்தும்!

1என்4007ங்குற சாதா சிலிக்கான் டயோட வரிசையா கோத்துப் போடுன்னு ஒருத்தர் சொன்னாரு, ஆனா இந்த செட்டோட லைன் ஃப்ரீக்வன்சி (செகண்டுக்கு எத்தன கோடு வரையுதுங்குறது) 10,125 ஹெர்ட்ஸ், அந்த ஸ்பீடுக்கு அது தாங்காதே. 20 கேவி ஃபாஸ்ட் டயோடு போட்டா வோல்டேஜ் ஓவரா ஏறுமா, சீரிஸ்ல ரெசிஸ்டர் போடணுமா, எவ்வளவு? போட்டுப் பாத்தவங்க சொல்லுங்கப்பா. அதுவரைக்கும் செட்ட ஆன் பண்ணல, செலினியம் கருகுனா வர்ற புகை விஷம்.