மலையைக் கெல்லி எலி பிடித்த கதைகள்: எங்கள் முதல் நிலக்காட்சி ரெண்டர்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் என் முதல் மலையைச் செய்து, ரெண்டர் போட்டு (அதாவது கணினியைக் கணக்கிடவைத்து இறுதிப் படமாக்கி), பெருமையாக வீட்டில் காட்டினேன். "என்ன இது, கசக்கிப் போட்ட போர்வையா?" என்றார்கள். மூன்று வாரம் உழைத்துச் செய்த பனிச்சிகரம் அது. முதலில் கோபம் வந்தது. அப்புறம் நானே திரும்பிப் பார்த்தேன். போர்வையேதான்.

செய்தது இவ்வளவுதான். ஒரு தளத்தை எடுத்து நிறையத் துண்டுகளாகப் பிரித்து, நாய்ஸ் டெக்ஸ்சர் எனும் ஒழுங்கற்ற கறுப்பு வெள்ளைக் கோலத்தை, பரப்பை ஏற்றி இறக்கும் டிஸ்ப்ளேஸ்மென்ட்டில் செருகினேன். மேடு வந்தது, பள்ளம் வந்தது. மேலே வெள்ளை, கீழே பச்சை பூசினேன். கோளாறு எங்கே என்று பிடிபடவே மாதங்கள் ஆயின. நாய்ஸுக்கு உச்சியும் ஒன்றுதான், அடிவாரமும் ஒன்றுதான்; எல்லா இடத்திலும் ஒரே கரடுமுரடு. நிஜத்தில் உச்சியில் பாறை துருத்திக்கொண்டு நிற்கும். மழைநீர் அரித்துக் கொண்டுவந்த மண்ணெல்லாம் கீழே வண்டலாகப் படிந்து தரை மெத்தென்று ஆகிவிடும். கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1985-ல் கட்டுரையாக வெளியிட்ட நாய்ஸும் அதன் பங்காளிகளும் இல்லாத நிலக்காட்சி மென்பொருளே இல்லை எனலாம். ஆனால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும் என்பது நாய்ஸுக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

அதற்காக வேர்ல்டு மெஷின் என்ற நிலக்காட்சி மென்பொருளுக்குப் போனேன். மண்ணரிப்பைக் கணக்கிட்டுத் தரும் கருவி அதில் இருக்கிறது. நீர் வேகமாக ஓடும் இடத்தில் மண்ணை வாரிக்கொள்ளும், வேகம் குறைந்ததும் கொட்டிவிடும். முதல்முறை அதை ஓடவிட்டபோது ஓடைகள் கிளை பிரிந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்தேவிட்டேன். உடனே பேராசை. அளவை ஏற்றிக்கொண்டே போனதில் மலை முழுக்கச் சுருக்கம் விழுந்து, கருவாடு மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு பாடமும் அன்றே கிடைத்தது. பக்கத்துக்கு 512 புள்ளியில் முன்னோட்டம் பார்த்துப் பிடித்துப்போன பள்ளத்தாக்கு, 4096-ல் முழுதாகக் கணக்கிட்டபோது வேறு பள்ளத்தாக்காக வந்தது. நுணுக்கம் கூடினால் அரிப்பின் போக்கும் மாறுகிறது.

உங்கள் முதல் மலை எப்படிச் சொதப்பியது? இந்த இழையில் ஒவ்வொருவராக, கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

* * *

எனக்கு வாய்த்தது படிக்கட்டு. நாய்ஸெல்லாம் எதற்கு, நிஜ மலையையே எடுத்துவிடலாம் என்று இறங்கிய ஆள் நான். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் பறந்து, பூமியின் பெரும்பாலான நிலப்பரப்பை ரேடாரால் அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அந்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம். இறக்கினேன், ஹைட்மேப்பாக (உயரத்தைக் கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் படமாக) மாற்றினேன், ரெண்டர் போட்டேன். சரிவு முழுவதும் வயல் வரப்பு போல அடுக்கடுக்காக வந்தது.

கோளாறு கோப்பில். நான் சேமித்தது 8 பிட் படமாக. அதில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 படிதான். 2000 மீட்டர் மலையை 256 ஆல் வகுத்தால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 8 மீட்டர்! 16 பிட்டில் சேமித்தால் 65,536 படி, ஒன்றுக்கு 3 சென்டிமீட்டர்தான் வரும். பிஎன்ஜி, டிஃப் இரண்டுமே 16 பிட்டைத் தாங்கும், ஜேபெக் தாங்காது. பிளெண்டரில் அந்தப் படத்துக்கு வண்ண வெளியை 'நான்-கலர்' என்று மாற்றவும் மறக்காதீர்கள். நான் மறந்தேன். உயரங்களை அது நிறமாக நினைத்துத் திருத்தியதில் மலையின் வயிறு ஒட்டிப்போனது.

இது போதாதென்று என் சிகரம் கிழக்கு மேற்காக அகன்று குண்டாக நின்றது. எஸ்ஆர்டிஎம் மீட்டர் கணக்கில் இல்லை, அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கில் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் சதுரமாக இருக்கும் கட்டம் 45 பாகை அட்சரேகையில் அகலத்தில் 0.7 மடங்காகச் சுருங்கிவிடும். அந்த விகிதத்தில் அகலத்தைக் குறைத்ததும்தான் மலைக்கு இடுப்பு வந்தது.

ஆனால் நிஜத் தரவு என்றதும் பாதி வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பது தூரத்து மலைக்குத்தான் போதும். கேமராவின் காலடியில் தரை மெழுகியது போலக் கிடக்கும். அங்கே திரும்பவும் நாய்ஸிடம்தான் கையேந்த வேண்டும்.

* * *

என் கதை சின்னது. மலைத்தொடரின் பின்பாதியைக் காணோம். யாரோ கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் முடிந்தது. இரண்டு நாள் மெஷ்ஷை, அதாவது மலையின் வலைப்பின்னல் வடிவத்தை, சோதித்தேன். கடைசியில் பார்த்தால் கேமரா எதுவரை பார்க்கும் என்று வரையறுக்கும் 'கிளிப் எண்ட்' தூரத்தைத் தாண்டி மலை நின்றுகொண்டிருக்கிறது. எண்ணைக் கூட்டினேன், மலை வந்துவிட்டது. அந்த இரண்டு நாள்தான் திரும்பி வரவில்லை.

* * *

நான் புகைப்படம் எடுக்கிறவன், அந்தக் கண்ணோடு இதற்குள் வந்தேன். இருந்தும் முதல் படம் மேசைமேல் வைத்த பொம்மை மலை மாதிரிதான் இருந்தது. வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்று இல்லை, அதுதான் விஷயம்.

தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? நமக்கும் அதற்கும் நடுவே கிடக்கும் காற்று குறைந்த அலைநீள ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கிறது. ரேலீ சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் நீலம் சிவப்பைவிடப் பல மடங்கு சிதறும். அதனால் மலையின் நிழல் பகுதிகள்தான் முதலில் நீலம் ஏறி வெளுக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாறை முழுக் கறுப்பாகத் தெரிந்தால், கண் அதைப் பத்து அடியில் இருக்கும் கூழாங்கல் என்றே எடுத்துக்கொள்ளும்.

காட்சி முழுவதையும் காற்றைப் போல ஒளியைச் சிதறடிக்கும் பெரிய வால்யூம் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தேன். கணினி முனகியது. இப்போது தூரத்தைச் சாம்பல் படமாகத் தரும் மிஸ்ட் பாஸைத் தனியாக எடுத்து, ரெண்டருக்குப் பிறகு படங்களைக் கலக்கும் கம்பாசிட்டிங்கில் நீலச் சாம்பலைக் கலக்கிறேன். டெராஜென் என்ற நிலக்காட்சி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, அதில் வளிமண்டலம் கூடவே வருகிறது.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று மட்டும். உச்சிவெயிலில் எந்த மலையும் தட்டைதான். சூரியனை அடிவானத்திலிருந்து 10, 15 பாகைக்கு இறக்குங்கள், ஒவ்வொரு மடிப்பும் தானாக எழுந்து நிற்கும்.

* * *

மரம் நட்டவன் பேசுகிறேன். சரிவில் மரங்களைத் தூவினேன், எல்லாம் தரைக்குச் செங்குத்தாக முளைத்தன. அதாவது முள்ளம்பன்றி. நிஜ மரம் சரிவைப் பார்க்காது, வானத்தைப் பார்த்துத்தான் வளரும்.

அடுத்த தவறு, மரங்களை நகல் எடுத்தது. ஒரு மரத்துக்கு 2 லட்சம் பலகோணம், காட்டுக்கு 50,000 மரம். மொத்தம் 1000 கோடி. நினைவகம் நிரம்பி மென்பொருள் மூடிக்கொண்டது. இன்ஸ்டன்ஸாகப் போட்டால் நினைவில் ஒரே மரம்தான் இருக்கும், மற்றதெல்லாம் அதைச் சுட்டும் குறிப்புகள். நான்கைந்து வகை மரம், சுழற்றல், சிறிது பெரிது, இவ்வளவு இருந்தாலே காடு நம்பும்படி வந்துவிடுகிறது. செங்குத்துப் பாறையில் மட்டும் நட வேண்டாம், சரிவை வைத்து மாஸ்க் (எங்கே வரலாம், எங்கே கூடாது என்று காட்டும் படம்) போட்டு விலக்குங்கள். பனிக்கும் இதே மாஸ்க் உதவும். உயரத்தை மட்டும் பார்த்துப் பனி போட்டால் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தது போல இருக்கும்.

* * *

10 விநாடிக் காட்சி, 240 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். கணக்குப் போட்டால் 48 மணி நேரம். நேராக வீடியோ கோப்பாக ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கினேன். இரண்டாம் இரவு, 190-வது ஃபிரேம் வாக்கில் மின்சாரம் போனது. கோப்பு திறக்கவே இல்லை. தனித்தனிப் படங்களாகச் சேமித்திருந்தால் மிச்சம் 50 தான். இப்போது அப்படித்தான் சேமிக்கிறேன்.

ஒரு ஆறுதல். 1980-ல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் லோரன் கார்பெண்டர் ஃபிராக்டல் (முழு வடிவமே சிறு துண்டிலும் திரும்ப வரும்) மலைகளின் மேல் பறக்கும் படத்தைக் காட்டி அரங்கையே அசத்தினார். அவருக்கும் ஒரு ஃபிரேமுக்கு 20 முதல் 40 நிமிடம் ஆனதாம். நம் காத்திருப்புக்கு நல்ல வம்சாவளி இருக்கிறது.

* * *

இழையைத் தொடங்கியவன் மீண்டும். சூரியனை 12 பாகைக்கு இறக்கி, மிஸ்ட் பாஸும் கலந்து பழைய பனிச்சிகரத்தைத் திரும்ப ரெண்டர் போட்டேன். வீட்டில் காட்டினேன். "எந்த ஊர் மலை?" என்றார்கள்! கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி: "ஏரித் தண்ணீர் ஏன் ஒரு பக்கம் மேட்டில் ஏறி நிற்கிறது?"

தண்ணீர்த் தளத்தை எப்போதோ இரண்டு பாகை சாய்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்துவிட்டு வருகிறேன்.