புதுப்பிப்பு: மணிக்குத் திசு எடுத்தாயிற்று

சிறுநீரில் புரதம் இறங்கும் எங்கள் நாய் மணிக்குப் பரிசோதனைக்காகச் சிறுநீரகத் திசு எடுக்க, ஸ்கேன் பார்த்து ஊசி குத்துவதா, லேப்ராஸ்கோப்பியா (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்வது) என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஊசிதான் என்று முடிவாகி, செவ்வாய்க்கிழமை சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

லேப்ராஸ்கோப்பியில் சிறுநீரகத்தைக் கண்ணால் பார்த்தே எடுக்கலாம், ரத்தம் கசிந்தால் அங்கேயே அழுத்திப் பிடிக்கலாம். ஆனால் வயிற்றில் துளைகள் போட்டு வாயு ஏற்ற வேண்டும், மயக்கமும் அதிக நேரம். 20 கிலோ மணிக்கு அது வேண்டாம் என்றார் டாக்டர். 5 கிலோவுக்கும் குறைவான நாய் என்றால் லேப்ராஸ்கோப்பியை யோசித்திருப்பாராம். எந்த முறையானாலும் ஊசி புறணியை, அதாவது சிறுநீரகத்தின் வெளி அடுக்கை, தாண்டக் கூடாது. உள்ளே பெரிய ரத்தக் குழாய்கள்.

முதல் முறை போனபோது ரத்த அழுத்தம் 180ஐத் தாண்டியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வழியெல்லாம் புலம்பினேன். மாத்திரையில் அழுத்தம் இறங்கிய பிறகே ஊசி. அவர்கள் செய்ததுதான் சரி.

எடுத்தது 16 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசியில் இரண்டு துண்டுகள், உடைந்த சேமியா போல. அன்றிரவு சிறுநீர் சிவந்து வந்ததும் பதறிவிட்டேன். மறுநாள் மாலைக்குள் தெளிந்தது. இப்போது மழித்த விலாவை நக்கவிடாமல் காவல் காக்கிறேன். நோயியல் அறிக்கை இன்னும் வரவில்லை.