எம்.எஸ்சி. மகப்பேறு நர்சிங்கா, மிட்வைஃபரி டிப்ளமாவா? கடற்கரையிலேயே வேலை பார்க்க எது உதவும்?

பாம்பன்காற்று:
வணக்கம். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா), அப்புறம் அதற்கு மேல் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். மண்டபம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். பெண்கள் நலத்தில் மேலே படிக்க வேண்டும். எம்.எஸ்சி. மகப்பேறு – மகளிர் நோய் நர்சிங் சேரலாமா, ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ என்ற பிரசவப் பராமரிப்பு டிப்ளமா சேரலாமா? படித்து முடித்த பிறகும் இந்தக் கரையில்தான் இருக்க ஆசை. ஆய்வுக்குக் கடல்பாசி எடுக்கும் பெண்களை எடுக்கலாம் என்று ஒரு எண்ணம். எங்கள் வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) அக்காவும் தனக்கு வழி உண்டா என்று கேட்கச் சொன்னார்.

லேபர்வார்டு சிஸ்டர்:
அக்காவுக்கு முதலில் சொல்லிவிடுங்கள்: ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டிலும் நேராகச் சேர முடியாது. ஜி.என்.எம். 3 வருடம், போஸ்ட் பேசிக் 2 வருடம், அதற்கு மேல்தான் எம்.எஸ்சி.

உங்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. எம்.எஸ்சி.க்கு நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டு பதிவும் வேண்டும், பி.எஸ்சி.யில் 55 சதவீதம், ஒரு வருட வேலை அனுபவம். போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்த ஒரு வருடம் படிப்புக்கு முன்னால் இருந்தாலும் செல்லும். சிக்கல் வருவது சான்றிதழில்தான். சேர்ந்த தேதி, விலகிய தேதி இல்லாமல் ‘பணிபுரிந்தார்’ என்று மட்டும் எழுதி வாங்கி வருகிறார்கள். சரிபார்ப்பில் அது நிற்காது. போஸ்ட் பேசிக்கை நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்திருக்கிறீர்களா என்றும் இப்போதே பாருங்கள்.

எதைப் படிப்பது என்றால், முடித்த பிறகு யாரோடு நாளைக் கழிக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். எம்.எஸ்சி. 2 வருடம். நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் சிறப்புப் பாடத்துக்கு முதல் வருடம் 150 மணி வகுப்பு, 650 மணி செய்முறை. இரண்டாம் வருடம் 150, 950. மீதி நேரம் கற்பித்தல், நிர்வாகம், புள்ளியியல், ஆய்வேடு என்று போகும். முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் விரிவுரையாளராகத்தான் போகிறார்கள். மிட்வைஃபரி டிப்ளமா 18 மாதம். 12 மாதம் படிப்பு, 6 மாதம் இன்டர்ன்ஷிப். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் வந்தது. சிக்கல் இல்லாத கர்ப்பிணியைத் தொடக்கத்திலிருந்து பிரசவத்துக்குப் பின்வரை தானே பார்ப்பதும், சிக்கலை நேரத்தோடு கண்டு அனுப்புவதும்தான் அதன் வேலை. கரையிலேயே இருக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் என் வாக்கு இதற்கே. ஆனால் இது எல்லா ஊரிலும் நடக்கும் படிப்பு அல்ல. எந்தப் பயிற்சி நிலையத்துக்குக் கவுன்சில் அனுமதி இருக்கிறது என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

ஸ்பெகுலம்:
இரண்டில் எதில் சேர்ந்தாலும் லாக்புக்கை (செய்முறைப் பதிவேட்டை) நிரப்புவதற்காக நிரப்பாதீர்கள். உதாரணத்துக்கு வி.ஐ.ஏ. பரிசோதனை, அதாவது கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறி உண்டா என்று அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது. எல்லோரும் ‘தெரியும்’ என்பார்கள், தவறுவது சின்னச் சின்ன இடத்தில். 5 சதவீதக் கரைசலுக்கு 95 மி.லி. வாலைவடிநீரில் 5 மி.லி. கிளேஷியல் அசிட்டிக் அமிலம்; அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும். அன்றன்றைக்குக் கலக்குங்கள். முதலில் கருப்பை வாயில் உள்ள சளியைத் துடைக்கவில்லை என்றால் அமிலம் திசுவில் படாது. தடவியதும் முழுதாக ஒரு நிமிடம் பொறுங்கள். கூட்டம் அதிகம் என்று 20 விநாடியில் பார்த்தால் பாசிட்டிவ் தவறிப் போகும். திட்டமான விளிம்போடு, கெட்டியான வெள்ளையாக, செதிள் – தூண் செல்கள் சேரும் கோட்டைத் தொட்டு நின்றால்தான் பாசிட்டிவ். மங்கலாக அங்கங்கே பரவிய வெளுப்பு பெரும்பாலும் அழற்சி. மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்தக் கோடு உள்ளே ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு ‘நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்புவது பெரிய அநியாயம், எச்.பி.வி. (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு. கண் மதிப்பில் எப்போதும் குறைத்துத்தான் சொல்கிறோம், அளவுக் கோடு போட்ட பையை அடியில் விரித்து அளந்து பழகுங்கள். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டும் கருப்பை இறுகவில்லை என்றால் மருந்தின் வீரியத்தையும் சந்தேகப்படுங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது. நம் ஊர் வெக்கையில், கரண்ட் போய் வரும் இடத்தில், பிரிட்ஜ் கதவில் வைத்தால் கெடும். நடுத்தட்டில் தெர்மாமீட்டரோடு வையுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக ரத்தக்குழாயில் (ஐ.வி.). பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

ஆய்வேடு உதவி:
தங்கச்சி, பாசி எடுக்கும் பெண்கள் நல்ல தேர்வு. ஆனால் ‘இனப்பெருக்க ஆரோக்கியம்’ என்று பரப்பினால் முடிக்க மாட்டீர்கள். 18 முதல் 49 வயதுப் பெண்களிடம் நீர்க்கடுப்பு அறிகுறிகளும், கடலில் இருக்கும்போது சிறுநீரை அடக்கும் நேரமும் என்று சுருக்குங்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி மூழ்குகிறவர்கள். ஈரத் துணியோடு எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதைத் தனிக் கேள்வியாக வையுங்கள்.

அவர்கள் தொழிலுக்குப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில். காலண்டரைப் பார்க்காமல் போனால் வீடு பூட்டியிருக்கும். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்தச் சமயத்தில் அவர்களும் சில வாரம் பாசி எடுப்பதை நிறுத்துவதால் ஆள் கிடைப்பார்கள், ஆனால் தொழில் நாள்களின் அறிகுறி அப்போது தெரியாது. தகவல் சேகரிப்பைத் தொழில் நடக்கும் மாதங்களில், கடலுக்குப் போகாத நாள்களில் வையுங்கள்.

எந்தத் தீவுப் பக்கம் எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவே கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறைப் பயத்தில் அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கும் உண்மை வராது. கேள்வித்தாளில் ‘சிறுநீர்ப்பாதைத் தொற்று’ என்று அச்சிடாமல் ‘நீர்க்கடுப்பு, எரிச்சல்’ என்று எழுதுங்கள். முன்னோட்ட ஆய்வுக்கு மாதிரியில் பத்தில் ஒரு பங்கு போதும். அவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள். நம்பகத்தன்மைக் குறியீடு 0.7க்குக் கீழே வந்தால் கேள்விகளைத் திருத்துங்கள். அறிகுறி உள்ளவரை அதே வாரம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவீர்கள் என்று நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாம்பன்காற்று:
நன்றி அக்கா, எல்லோருக்கும். டிப்ளமாவுக்கும் ஆய்வேடு உண்டா? பாசி வேலையை வீணாக்க மனமில்லை.

லேபர்வார்டு சிஸ்டர்:
எம்.எஸ்சி. மாதிரி 300 மணி நேர ஆய்வேட்டை அங்கே எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பெண்களை உங்கள் நிலையத்திலேயே பாருங்கள்: அமாவாசை, பௌர்ணமி நாள்களைத் தவிர்த்து மாலை 4 மணிக்கு ஒரு கிளினிக், சிறுநீர் டிப்ஸ்டிக், ஹீமோகுளோபின், வி.ஐ.ஏ. மூன்றும். மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். துறையின் என்.ஓ.சி.க்கும் (தடையில்லாச் சான்று) இப்போதே மனு போடுங்கள், அது கைக்கு வரத் தாமதமாகும்.