மறு: வி.ஆர்.எம்-க்குத் தமிழ்ச் சொல் – 'மின்மடை' சரிவருமா?

> மின்னழுத்தச் சீராக்கி எண்டே வைப்பமே, இருக்கிற சொல்தானே

அண்ணன், வி.ஆர்.எம் (voltage regulator module) எண்டா மதர்போட்டில புரொசசருக்குப் போற வோல்ட்ட இறக்கிக் குடுக்கிற பகுதி. அதுக்கு 'மின்னழுத்தச் சீராக்கி' எண்டு வைக்கிறதில எனக்கு ஒரு தடங்கல் இரிக்கு. நம்மட பக்கம் ஏ.எல் பௌதிகவியல் படிச்ச புள்ளையளுக்குச் சீராக்கல் எண்டா டயோட்டப் போட்டு ஏ.சி.ய டி.சி. ஆக்குறதுதான், அரை அலை, முழு அலை எண்டு படம் கீறிப் படிச்சது. மதர்போட்டில அந்த வேலை நடக்கிறல்ல, அது பவர் சப்ளைக்குள்ளயே முடிஞ்சிரும். அங்கால மின்னழுத்தம் எண்டத நாங்க பள்ளிக்கூடத்தில வோல்ற்றளவு எண்டுதான் படிச்ச.

மதர்போட்டில நடக்கிறது இதுதான். 12 வோல்ட் வருது, புரொசசருக்கு வேணும் 1 வோல்ட் சொச்சம். ஏ.எம்.டி கொம்பனிர ரைசன் 5 7600 எண்ட புரொசசர எடுங்க, பெட்டில 65 வாட் எண்டு போட்டிரிக்கும், முழு வேலையில 88 வாட் வரைக்கும் இழுக்கும். 12 வோல்ட் பக்கம் அது 7 அம்பியர் சொச்சம், அதையே 1.2 வோல்ட்டுக்கு இறக்கினா 70 அம்பியருக்கு மேல, அவ்வளவும் புரொசசருக்குப் பக்கத்தில வரிசையா நிக்கிற மொஸ்பெற் எண்ட சுவிச்சுச் சிப்புகளுக்குள்ளாலயும் சோக் எண்ட கம்பிச் சுருளுகளுக்குள்ளாலயும்தான் போகோணும், அதான் அது கொதிக்கிற.

இதுக்கு நான் சொல்லுற சொல் மின்மடை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணிய அப்படியே வயலுக்குத் திறந்து விட்டா வேளாண்மை மிஞ்சுமா, மடையால அளவா இறக்கித்தானே விடுற. சொல்லச் சொன்னா வயல் வட்டைக்குள்ள நிக்கிற ஆளுக்கும் விளங்கும், எண்ணவும் வரும்: ஆறு மடை போட், எட்டு மடை போட். இங்கிலீசில phase எண்டு சொல்லுற அந்த ஒவ்வொரு பிரிவுக்கும் 'கட்டம்' எண்டு போட்டா இந்த எண்ணுற வசதி வராது.

> மடை எண்டா கோயில்ல அம்மனுக்கு வைக்கிற மடைதானே முதல் ஞாபகம் வரும்

தங்கச்சி சொன்னது நியாயம், நம்மட ஊர்களில சடங்குக் காலத்தில அந்த மடைதான் பெரிசு. ஆனா முன்னால 'மின்' நிக்கிறதால குழப்பம் வராது எண்டுதான் நினைக்கிறன்.

நான் ஏன் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு நிக்கிறன் எண்டா, நடுத்தரக் காசில மதர்போட் எடுக்கிற பொடியன்மார் கடையில கேக்கிறது சிப்செற் (USB மாதிரி இணைப்புகளப் பாக்கிற சிப்) என்ன, லைட் எரியுமா, வைபை இரிக்கா, இதுதான். மின்மடைய ஆரும் கேக்கிறல்ல, ஏனெண்டா வாயில வாற மாதிரி அதுக்கு ஒரு பேர் இல்ல. X670 சிப்செற் எண்டு ஆசப்படுறாங்க, அது விலை குறைஞ்ச B650-ல உள்ள மாதிரிச் சிப் ரெண்ட அடுக்கினதுதான், USB போர்ட்டும் SSD பூட்டுற M.2 இடமும் கூடும், புரொசசர் வேகமா ஓடப்போறல்ல. அந்தக் காசுக்கு மின்மடைக்கு மேல ஹீற்சிங்க் (சூட்ட இழுத்து விடுற உலோகக் கட்டி) போட்ட நல்ல B650 எடுக்கிறது எவ்வளவோ மேல். 7600-க்கு மட்டும் எண்டா சாதாரண மின்மடையே காணும், அத நான் மறுக்கல்ல. ஆனா இந்தப் புரொசசர் பூட்டுற AM5 சொக்கெற்ற 2027 வரைக்கும் அதுக்கு அங்காலயும் கொண்டு போறம் எண்டு ஏ.எம்.டி சொல்லியிரிக்கு, நாளைக்கு ஒருத்தன் அதே போட்டில பெரிய புரொசசரான 7950X-அ இருத்தினா 230 வாட் வரைக்கும் போகும். கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மாசங்களில ஏ.சி. இல்லாத அறையில ஹீற்சிங்க் இல்லாத மலிவுப் போட்டில அத ஓட்டினா மொஸ்பெற் சூடேறி புரொசசர்ர வேகத்த இழுத்துக் குறைச்சிரும், குடுத்த காசு வேலை செய்யாது.

இனி இடைஞ்சலான இடம். மதர்போட் பெட்டில மடைக் கணக்கு 12+2 எண்டு போட்டிரிப்பான், அந்த 2 புரொசசருக்குள்ளயே மற்றப் பகுதிகளுக்குப் போறது, சரி. ஆனா 12-உம் தனித்தனி மடையா எண்டா எல்லா நேரமும் இல்ல, மடைகள ஆளுற கொன்ட்ரோலர் சிப் ஆறுக்குத்தான் கட்டளை குடுக்கும், ஒவ்வொண்டையும் ரெண்டாப் பிரிச்சு 12 எண்டு கணக்குக் காட்டுவான். சூடு பரவுறதுக்கு அது உதவும்தான், எண்டாலும் உண்மையான 12 அல்ல. ஆகவே நம்மட சொல்பட்டியல்ல மின்மடை எண்ட சொல்லோட 'தனிமடை', 'பிரிமடை' எண்ட ரெண்டையும் சேப்பம் எண்டு கேக்கிறன், வாங்குற ஆள் "அண்ணன், இது 12 தனிமடையா பிரிமடையா" எண்டு கடையில கேக்கக்கூடிய மாதிரி.

பிரிக்கிற அந்தச் சின்னச் சிப், டப்ளர், அதுக்கு எனக்கு 'இரட்டிப்பான்' எண்டுதான் வருது, மனசுக்குப் பிடிக்கல்ல. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் வயல் செய்யிற ஆக்கள் இதில இரிந்தா, ஒரு வாய்க்கால ரெண்டாப் பிரிக்கிற இடத்துக்கு உங்கட ஊரில என்ன சொல்லுற எண்டு எழுதுங்க.