கட்-ஆஃப் 181: கடன் வாங்கி சென்னையில் சிஎஸ்இ-யா, கவுன்சிலிங்கில் கோவை இசிஇ-யா?

கேள்வி: மாவுமில்_தாராபுரம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாப்பா பிளஸ் டூ முடிச்சிருச்சு. கட்-ஆஃப் 181, பி.சி. தாராபுரத்துல அரசு உதவி பெறும் பள்ளிதான், ஆறாவதுல இருந்து தமிழ் மீடியம். எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் டிகிரி முடிச்சதில்லைங்க. நான் மாவு மில் வெச்சிருக்கேன். வருமானச் சான்றிதழ்ல வருஷத்துக்கு 2.4 லட்சம்னு இருக்கு.

இப்ப மூணு வழி தெரியுது.

1. சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) சீட் ரெடின்னு சொல்றாங்க. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேத்து வருஷம் 3 லட்சம் ஆகும். "லோன் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம், நீங்க கையெழுத்துப் போட்டா போதும்"னு தினமும் போன் பண்றாங்க.

2. கவுன்சிலிங்ல போனா கோயமுத்தூர்ல ஒரு சுயநிதிக் காலேஜுல இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைக்கும்னு பள்ளிக்கூட வாத்தியார் சொல்றார்.

3. பர்கூர் (கிருஷ்ணகிரி மாவட்டம்) அரசு பொறியியல் கல்லூரியில இஇஇ (எலக்ட்ரிக்கல்). ஃபீஸ் ரொம்பக் கம்மி. ஆனா வூட்டம்மா தூரம்ங்கறாங்க.

பாப்பாவுக்கு சிஎஸ்இ மேலதான் ஆசை. எந்தக் காலேஜுல படிச்சா எவ்வளவு கடன் ஆகுது, முடிச்ச புள்ளைங்க எவ்வளவு சம்பாதிக்கறாங்கன்னு நம்ம தமிழ்நாட்டுக் காலேஜ்களை ஒரே எடத்துல வெச்சுப் பாக்கற மாதிரி பட்டியல் எங்கயாச்சும் இருக்குங்களா?

---

பதில் 1: கோட்_ராஜா

அண்ணா, சிஎஸ்இ கிடைச்சா கண்ணை மூடிட்டு சேத்து விடுங்க. படிச்சு முடிச்சு ரெண்டே வருஷத்துல கடனை அடைச்சிரும். அந்த பல்கலைக்கழக வெப்சைட்ல போன வருஷ ஹையஸ்ட் பேக்கேஜ் பாத்தீங்களா?

---

பதில் 2: ஓய்வு_மேனேஜர்

மில்காரரே, ஈரோடு மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்விக் கடன் கொடுத்தும் இருக்கிறேன், வராக் கடனாகிப் போனதை வசூலிக்க வீடு தேடிப் போயும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கேட்ட பட்டியல். கடனையும் சம்பளத்தையும் காலேஜ் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அரசுப் பட்டியல் நம்மிடம் இல்லை. சம்பளத்துக்கு மட்டும் ஓரளவு நம்பக்கூடிய ஒரு இடம் உண்டு. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வருகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு காலேஜும் ஒரு பிடிஎஃப்-பில் தன் கணக்கைக் கொடுக்க வேண்டும், அதைத் தன் வெப்சைட்டிலும் போட வேண்டும். எல்லாரும் ரேங்க்கைப் பார்த்துவிட்டு அந்த பிடிஎஃப்-பைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். விஷயம் இருப்பது அதில்தான். நாலு வருடப் படிப்புக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் மீடியன் சம்பளம் என்ன, மேல்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள் என்று வரிசையாக இருக்கும்.

மீடியன் என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளம். ஹையஸ்ட் பேக்கேஜ் என்பது வரிசையின் முதல் ஆள் ஒருவர் மட்டும். கோவை அவினாசி ரோட்டில் ஃபிளக்ஸில் சிரிக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்த முதல் ஆட்கள்தான். (கோட்_ராஜா தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் மீடியனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு காலேஜில் 850 பேர் சேர்ந்தார்கள். 700 பேர் நாலு வருடத்தில் அரியர் இல்லாமல் முடித்தார்கள். 480 பேருக்கு வேலை. மீடியன் 4.5 லட்சம். இதைப் பார்த்ததும் "என் மகளுக்கும் 4.5 லட்சம்" என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அந்த 4.5 லட்சம் 480 பேருக்குள் நடுவில் இருப்பவருடையது. அதற்கு மேல் வாங்கியவர்கள் 240 பேர்தான். சேர்ந்த 850-ல் பார்த்தால் நூற்றுக்கு 28 பேர். மீதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள், அல்லது வேலை கிடைக்கவில்லை, அல்லது அரியரோடு நிற்கிறார்கள், சிலர் மேல்படிப்புக்குப் போயிருப்பார்கள். ஆகவே மீடியனைப் பார்த்த கையோடு சேர்ந்தவர் எண்ணிக்கைக் கட்டத்தையும் பாருங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கும், அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இது எல்லாப் பிரிவுக்கும் சேர்த்த கணக்கு. சிஎஸ்இ தனி, சிவில் தனி என்று பிரித்திருக்காது. காலேஜே கொடுக்கும் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

கடனுக்கும் அதே பிடிஎஃப்-பில் ஒரு மறைமுகக் குறிப்பு உண்டு. எத்தனை மாணவர்களுக்கு அரசு முழு ஃபீஸையும் திருப்பிக் கொடுக்கிறது, எத்தனை பேருக்குக் காலேஜ் தன் பணத்திலிருந்து கொடுக்கிறது, எத்தனை பேருக்கு எதுவுமே இல்லை என்று ஒரு அட்டவணை. பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் நிறைய இருந்தும் காலேஜ் பணத்தில் உதவி பெற்றவர்கள் பூஜ்யம் என்று இருந்தால், அங்கே கடன் வாங்கிப் படிப்பவர்கள் அதிகம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது உங்கள் கணக்கு. வட்டி சென்னை, கோவை இரண்டுக்கும் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 4 வருடமும் அதன் பின் 1 வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

சென்னை: வருடம் 3 லட்சம், மொத்தம் 12 லட்சம். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 4.2 லட்சம் சேர்ந்திருக்கும். 16.2 லட்சத்தை 10 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 21,400. மொத்தம் கட்டுவது 25 லட்சத்துக்கு மேல்.

கோவை: ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து, முதல் பட்டதாரி சலுகையைக் கழித்து (அதைக் கீழே சொல்கிறேன்) வருடம் 1.25 லட்சம் என்று வைத்தால் 5 லட்சம். வட்டி சேர்ந்து 6.75 லட்சம். மாதம் சுமார் 8,900.

பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகளில் ஃபிரஷர் சம்பளம் பல வருடமாக 3 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் நடுவில்தான் நிற்கிறது. 3.6 லட்சம் சிடிசி (கம்பெனி ஓர் ஆளுக்கு ஆகும் மொத்த வருடச் செலவாகக் காட்டும் தொகை) என்றால் பிஎஃப் எல்லாம் போகக் கைக்கு மாதம் சுமார் 25,000-தான் வரும். அதில் 21,400 தவணை போனால் மகள் சென்னையில் ஹாஸ்டல் வாடகைக்கு உங்களிடம்தான் கை நீட்ட வேண்டும். 8,900 என்றால் சமாளிக்கலாம். நான் எப்போதும் அந்தக் காலேஜின் மீடியனை விட்டுவிட்டு, மாநிலத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் அடிமட்டச் சம்பளத்துக்கு எதிரே தவணையை வைத்துப் பார்க்கச் சொல்வேன். கடன் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, சம்பளம் இன்னும் எழுதப்படவில்லை.

அடுத்தது "நாங்களே லோன் ஏற்பாடு" என்பது. பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தோடு வைத்திருக்கும் ஒப்பந்தம். வட்டி வங்கியைவிடக் கூடுதலாக இருக்கும், படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்பவர்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அது வங்கியா, நிதி நிறுவனமா என்று கேளுங்கள். வங்கிக்கே போனாலும் 7.5 லட்சத்துக்கு மேல் கடனுக்குப் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது மில் இடம்தானே? நீங்கள் கோ-பாரோவர், அதாவது நீங்களும் கடன்காரர். தவணை தவறினால் மகளோடு உங்கள் சிபில் ஸ்கோரும் போகும். அப்புறம் மில்லுக்கு ஓவர்டிராஃப்ட் கேட்டுப் போனால் கதவு திறக்காது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றீர்கள். அப்படியானால் மகளுக்கு முதல் பட்டதாரி சலுகை (ஃபீஸ் குறைப்பு) உண்டு. கவுன்சிலிங்கில் எடுக்கும் சீட்டுக்குத்தான் அது. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கும் கிடையாது. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 7.5 சதவீத இட ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு மட்டும்தான், உதவி பெறும் பள்ளிக்கு வராது. ஆனால் உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்பதால் மத்திய அரசின் வட்டி மானியமும் பொருந்தும். படிக்கும் காலம், அதன் பின் ஒரு வருடம், இந்த ஐந்து வருட வட்டியை அரசு ஏற்கும். அட்டவணை வங்கியில் (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கியில்), இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி வாங்கிய கடனாக இருக்க வேண்டும். நிதி நிறுவனக் கடனுக்குக் கிடையாது. காலேஜ் நாக் (காலேஜின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் பெற்றதா, அல்லது அந்தப் பிரிவு என்பிஏ (பிரிவு வாரியாக மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது கிடைத்தால் கோவைக் கணக்கில் 5 லட்சம் 5 லட்சமாகவே நிற்கும், தவணை 6,600-க்கு இறங்கும்.

என்னைக் கேட்டால் கோவை முதலில், பர்கூர் அடுத்து. சென்னை வேண்டாம்.

---

பதில் 3: டல்லாஸ்_சித்தப்பா

மேனேஜர் சார் சொன்ன "பக்கத்தில் பக்கத்தில் வைத்த பட்டியல்" அமெரிக்காவில் இருக்கிறது. காலேஜ் ஸ்கோர்கார்ட் என்று பெயர், 2015-ல் ஒபாமா காலத்தில் புது வடிவில் வந்தது. என் மகளுக்காக டெக்சாஸ் காலேஜ்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் முடித்தவர்களின் மீடியன் கடன், சேர்ந்து 10 வருடம் கழித்து மீடியன் வருமானம், படிப்பை முடித்தவர்கள் எத்தனை சதவீதம் என்று வந்துவிடுகிறது. அங்கே மாணவர் கடனை மத்திய அரசே கொடுக்கிறது, வருமான வரிக் கணக்கும் அதன் கையில்தான். இரண்டையும் அரசே இணைத்துப் பார்க்கிறது, காலேஜ் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மத்திய அரசின் கல்வி உதவி வாங்கியவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள் என்பது ஒரு குறை.

பான் எண்ணும் கல்விக் கடன் கணக்கும் நம்மிடமும் இருக்கிறதே. செய்யத்தான் ஆள் இல்லை.

---

பதில் 4: இசிஇ_2022

அப்பா, நான் கோயமுத்தூர் சுயநிதிக் காலேஜுல இசிஇ முடிச்சவ. பேரு வேணாம்.

சிஎஸ்இ-க்கு வந்த அதே சர்வீஸ் கம்பெனிங்க எங்களையும் எடுத்தாங்க, அதே சம்பளம்தான். புராடக்ட் கம்பெனிங்க சிலது மட்டும் சிஎஸ்இ, ஐடி-க்குன்னு தனியா வரும். பாப்பாவுக்கு கோடிங்ல ஆசை இருந்தா இசிஇ-ல இருந்துக்கிட்டே பண்ணலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா அரியர் வைக்கக் கூடாது. நிக்கிற அரியர் ஒண்ணு இருந்தாலும் நிறைய கம்பெனிங்க இன்டர்வியூவுக்கே உக்கார விடாது. எங்க செட்ல பாதிப் பேருக்கு எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ்தான் எமன்.

ஃபீஸ் பத்தி ஒண்ணு. கவுன்சிலிங் சீட்டுக்கு 2017-ல கட்டணக் குழு வெச்ச அளவு வருஷத்துக்கு 50,000, என்பிஏ அங்கீகாரம் இருந்தா 55,000. இந்த வருஷ ஆணையைப் பாத்துக்கங்க. ஆனா காலேஜுக்குப் போனா "டிரெயினிங் ஃபீஸ்", "புக் ஃபீஸ்"னு தனி ரசீது நீட்டுவாங்க. சேரறதுக்கு முன்னாடியே நாலு வருஷத்துக்கும் என்னென்ன கட்டணும்னு எழுத்துல வாங்கிக்கங்க. பேங்க்ல லோனுக்கும் அந்தக் கடிதம்தான் கேப்பாங்க.

மேனேஜர் சார் கோவை முதல்லனு சொல்லிட்டார். நான் பர்கூர் முதல்லனு சொல்லுவேன். அரசுக் காலேஜ் ஃபீஸ்ல கடனே வேண்டியிருக்காது. என் ஃபிரெண்டு அரசுக் காலேஜுல இஇஇ முடிச்சு, கடன் இல்லாததால மொத வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் கேட் எக்ஸாமுக்கு (எம்.டெக் நுழைவுத் தேர்வு) படிச்சா. என்னால அது முடியல, மாசம் 7-ந்தேதி இஎம்ஐ.

---

மாவுமில்_தாராபுரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. முதல் பட்டதாரி சான்றிதழ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பாப்பாகிட்ட இதையெல்லாம் படிக்கக் குடுத்தேன். "21,400 நானாப்பா கட்டணும்?"னு கேட்டுச்சு. ஆமான்னேன். சென்னைக்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. பர்கூருக்கு அம்மாவும் புள்ளையும் ஒருக்கா போய் ஹாஸ்டலைப் பாத்துட்டு வரட்டும்னு இருக்கேன்.

ஒரு சந்தேகம்ங்க. மொத சுற்றுல கோவை கிடைச்சு, அதுக்கு மேல எழுதுன பர்கூர் கிடைக்கலைன்னா, கோவையை விட்டுட்டுத்தான் காத்திருக்கணுமா?

---

ஓய்வு_மேனேஜர்

வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஒப்புதல் கொடுக்க இரண்டு நாள்தான் இருக்கும். அதில் "அக்செப்ட் அண்ட் அப்வர்ட்" என்ற தெரிவை அழுத்தினால் கோவை சீட் கையில் இருக்கும், பட்டியலில் அதற்கு மேலே எழுதியதில் காலியிடம் வந்தால் அதுவே மாறும். மாறிய பின் பழையது திரும்பக் கிடைக்காது. அதனால் சாய்ஸ் எழுதும்போதே எது மேலே, எது கீழே என்று பர்கூர் போய்வந்த பிறகு முடிவு செய்யுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரரை எழுத விடாதீர்கள், மகளே உட்கார்ந்து நிரப்பட்டும். ஓடிபி வரும் போன் உங்கள் கையில் இருக்கட்டும்.