லாவோஸ் நெசவைத் தேடி ஒரு பயணம்: லுவாங் பிரபாங்கோடு நிறுத்திக்கொள்ளலாமா, வடகிழக்கு மலைகள்வரை போக வேண்டுமா?

கேள்வி: பாவும் ஊடையும்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனவரியில் நானும் என் அம்மாவும் லாவோஸ் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். கோயில்களையும் அருவிகளையும் வழியில் பார்த்துக்கொள்வோம். உண்மையான நோக்கம், அந்நாட்டுப் பெண்கள் வீட்டுத் தறிகளில் நெய்யும் பட்டுத் துணியையும் பருத்தித் துணியையும், நூல் பிறக்கும் இடத்திலிருந்து நெய்து முடியும் இடம்வரை பார்த்துவிட வேண்டும் என்பதுதான். அம்மா கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடையில் விரித்துக் காட்டும் துணியை மட்டும் பார்த்துவிட்டு அவர் திரும்ப மாட்டார். தறியின் அடியில் குனிந்து ஒவ்வொரு கயிறும் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும்.

பயண நிறுவனங்கள் தரும் திட்டங்கள் எல்லாம் லுவாங் பிரபாங் நகரைச் சுற்றியே இருக்கின்றன. அது போதுமா, அல்லது வடகிழக்கிலுள்ள சியெங்குவாங், ஹுவாபான் மாகாணங்களுக்கும் போக வேண்டுமா? தறிக்கு மேலே செங்குத்தாகத் தொங்கும் நூல்களில் கோலத்தையே கட்டி வைத்துவிடுகிறார்கள் என்று படித்தேன். அது எப்படி இயங்குகிறது என்று விளக்க முடியுமா? இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்பதை நம்பலாமா என்பதும் தெரிய வேண்டும்.

மறுமொழி: மேகோங் கரையோரம்

வணக்கம் சகோதரி. உங்கள் அம்மாவுக்காகவே சொல்கிறேன், லுவாங் பிரபாங்கில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டாம்.

தலைநகர் வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங் செல்ல, 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே ஆகும். அந்நகருக்கு அருகே உள்ள பான் பானோம் என்ற ஊரில் தாய் லூ இனத்தவர் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஒருகாலத்தில் அரண்மனைக்குத் துணி நெய்து கொடுத்தவர்கள். ‘நாம் கான்’ எனும் ஆற்றின் மறுகரையில் பான் சாங் கோங் என்ற ஊரில் நெசவோடு, மரப்பட்டையிலிருந்து கைக்காகிதம் செய்யும் தொழிலும் நடக்கிறது. 2000இல் ஒரு லாவோ நெசவாளரும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் சேர்ந்து தொடங்கிய ஓக் பாப் டோக் என்ற நிறுவனம் மேகோங் கரையில் ஒரு கைவினை மையத்தை நடத்துகிறது. அங்கே ஒரு நாள் வகுப்பில் சேர்ந்து சாயமேற்றவும் நெய்யவும் கற்றுக்கொள்ளலாம். நகரின் உள்ளேயே இனவரைவியல் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. எந்த இனத்தார் எதை உடுத்துகிறார்கள், ஏன் உடுத்துகிறார்கள் என்பதை முதலில் அங்கே தெரிந்துகொண்டால் பிறகு பார்ப்பதெல்லாம் தெளிவாக விளங்கும்.

இவ்வளவும் நல்ல அறிமுகம்தான். ஆனால் பட்டுப்புழுவையும் மல்பெரித் தோட்டத்தையும் தறியையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் சியெங்குவாங்கின் தலைநகரான போன்சவானுக்கே போக வேண்டும். அங்கே கொம்மலி சந்தாவோங் என்ற அம்மையார் தொடங்கிய பட்டுப் பண்ணை இருக்கிறது. போர்க்காலத்தில் வடகிழக்கிலிருந்து வியந்தியானுக்கு இடம்பெயர்ந்து, அங்கே தம்மைப்போல வீடிழந்து வந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு நெசவைத் தொடங்கியவர் அவர். அழியும் நிலையிலிருந்த பட்டு நெசவை மீட்டெடுத்ததற்காக 2015இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. பண்ணையில் இலை பறிப்பது, கூடு கட்டுவது, கொதிக்கும் பானையிலிருந்து நூலிழுப்பது, சாயமேற்றுவது, நெய்வது என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். உள்நாட்டுப் பட்டுப்புழுவின் கூடு பொன்மஞ்சள் நிறத்தில் இருக்கும். பானையில் மிதக்கும் கூடுகளின் மேற்படலத்திலிருந்து முரட்டு நூலும் உள்ளிருந்து மென்னூலும் வரும். சனவரி அங்கே குளிர்காலம். மல்பெரி தளிர்ப்பது குறைவதால் புழு வளர்ப்பும் குறைந்திருக்கக்கூடும். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன்சவானிலிருந்து ஹுவாபானின் தலைநகரான சாம் நுவாவுக்கு மலைச் சாலையில் ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் ஆகும். அதற்கும் அப்பால் சாம் தாய் பகுதி இருக்கிறது. தாய் டாயெங் இனப் பெண்கள் நெய்யும் மிக நுணுக்கமான துணிகள் அங்கிருந்துதான் வருகின்றன. அம்மாவின் முழங்காலும் முதுகும் அந்தச் சாலையைத் தாங்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தாங்குமென்றால் தயங்காதீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. அவற்றில் வெடிக்காதவை இன்றும் அந்த மண்ணில் கிடப்பதால், ஊரார் நடக்கும் பாதையை விட்டு வயல்வெளியில் இறங்கக் கூடாது.

மறுமொழி: அச்சும் விழுதும்

நெசவுப் பயிற்சி நிலையமொன்றில் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தறியைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாவோ வீட்டுத் தறி கனமான மரச்சட்டங்களால் ஆனது. பெரும்பாலும் கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய வீட்டுக்குக் கீழே, நிழலில் நிற்கும். சாதாரண நெசவுக்கு இரண்டு விழுதுகளும் (பாவிழைகளை ஏற்றி இறக்கும் நூற்கண்ணித் தொகுதிகள்) இரண்டு மிதிக்கட்டைகளும் போதும். அவற்றுக்குப் பின்னால்தான் நீங்கள் படித்த அந்த அமைப்பு தொங்குகிறது. பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின், ஒவ்வோர் இழையும் ஒரு நீண்ட செங்குத்து நூலின் கண்ணிக்குள் நுழைந்து செல்லும். அந்தச் செங்குத்து நூல்கள் பாவுக்கு மேலேயும் கீழேயும் நீண்டிருக்கும். கோலத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறுக்குக் கயிறோ மெல்லிய மூங்கில் குச்சியோ, சில நூல்களுக்கு முன்னாலும் சில நூல்களுக்குப் பின்னாலுமாக அந்த நூல் திரையில் செருகப்பட்டிருக்கும். பெரிய கோலமென்றால் நூற்றுக்கும் மேற்பட்ட குச்சிகள் இருக்கும்.

நெய்பவர் அடுத்த குச்சியைப் பிடித்து முன்னால் இழுக்கும்போது, அந்த வரிக்குரிய நூல்கள் மட்டும் பிரிந்து, அவற்றோடு சேர்ந்த பாவிழைகள் உயர்கின்றன. உடனே அகலமான மரப்பலகையை இடையில் நுழைத்து நிமிர்த்தினால் வழி திறக்கும். கோல நூல் கரையிலிருந்து கரைவரை ஓடினால் அதை ‘கித்’ என்கிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும் வேறு வேறு வண்ண நூலை விரலாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ எடுத்துச் செருகினால் அது ‘சோக்’. பிறகு சாதாரண ஊடையை, அதாவது குறுக்கு நூலை, ஓட்டி, சீப்புப் போன்ற அச்சால் அடித்து இறுக்குகிறார்கள். பயன்படுத்திய குச்சி பாவுக்குக் கீழே இறக்கப்படும். எல்லாக் குச்சிகளும் கீழே சேர்ந்தபின், அவற்றை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டே நெய்தால் அதே கோலம் தலைகீழாக வரும். லாவோ துணிகளில் கோலங்கள் மேலும் கீழும் கண்ணாடியில் பார்த்தாற்போல ஒத்திருப்பதற்கு இதுவே காரணம். காஞ்சிபுரத்தில் ‘அடை’ எனும் கோலக் கயிறுகளைக் கட்டி நெய்வதைப் பார்த்தவர் என்றால், உங்கள் அம்மாவுக்கு இதைப் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

இந்தத் திரையைக் கோலத்தோடு கழற்றி, சுருட்டி, எடுத்து வைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். பழைய துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இழை இழையாக எண்ணிப் புதிய திரையில் குச்சிகளைச் செருகியும் கோலத்தை மீட்கலாம். அதனால் அந்த வீடுகளில் பாட்டியின் பழந்துணி என்பது உடுப்பதற்கு மட்டும் உரியதன்று. அதைப் பார்த்துத்தான் பேத்தி கற்கிறாள். போரின்போது மக்கள் குகைகளிலும் தலைநகரின் ஓரங்களிலும் வாழ்ந்த பின், வறுமையால் அத்தகைய துணிகள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு ஏராளமாக விற்கப்பட்டன. துணி வெளியேறிய வீட்டில் அடுத்த தலைமுறைக்குப் பார்த்துச் செய்ய எதுவும் இல்லை. ஆகையால் உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: பழைய துணியை யாராவது விற்க முன்வந்தால் அதை வாங்காதீர்கள், அதே கோலத்தில் புதிதாக நெய்து தரச் சொல்லி, அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

நாகக் கோல நெசவை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆறுகளைக் காக்கும் நாகம், யானை முகமும் சிங்க உடலும் கொண்ட ‘சீஹோ’ ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஒரு நாகத்தின் வயிற்றுக்குள் இன்னொரு நாகம் சுருண்டிருப்பதைக் கண்டுபிடிக்கச் சில வேளை பத்து நிமிடம்கூட ஆகும்.

கேள்வி கேட்டவர்: பாவும் ஊடையும்

ஐயா, மிக்க நன்றி. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அந்தச் செங்குத்து நூல்கள் அறுந்தால் எப்படிச் சரிசெய்வார்கள் என்று உடனே கேட்டார்! சாயத்தைப் பற்றியும் வாங்குவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். மாலைச் சந்தையில் விற்பவை உண்மையான கைத்தறிதானா?

மறுமொழி: நீலச்சாடி

அக்கா, லுவாங் பிரபாங்கின் மாலைச் சந்தையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் ஆலைத் துணி அங்கே நிறைய உண்டு. எப்போதும் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்த துணியென்றால் பின்புறம் வெளிறியிருக்கும். கையால் செருகிய சோக் வேலையென்றால், ஒவ்வொரு பூவின் ஓரத்திலும் வண்ண நூல் திரும்பி வளைந்து போவதைப் பின்புறத்தில் காணலாம். பட்டா என்று ஐயமிருந்தால், கடைக்காரரின் அனுமதியோடு ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் மணத்தோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

சாயத்தை வெறும் கண்ணால் பார்த்து இயற்கையா செயற்கையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஈரத் துணியால் தேய்த்துப் பார்க்கும் சோதனையும் பயன்படாது, ஏனெனில் நல்ல அவுரிச் சாயமும் தொடக்கத்தில் சற்றே கையில் ஒட்டும். சாயம் காய்ச்சும் இடத்தைக் கண்ணால் பார்த்து, அங்கேயே வாங்குவதுதான் வழி. சிவப்புக்கு அரக்கு. வட லாவோசில் சில மலைப்பகுதிகளில் துவரைச் செடியில் அரக்குப் பூச்சியை வளர்க்கிறார்கள். படிகாரம் சேர்த்தால் சிவப்பும் இளஞ்சிவப்பும் கிடைக்கும். இரும்பு சேர்ந்தால் அதே சாயம் ஊதாவை நோக்கிப் போகும். மஞ்சளுக்குப் பலாக்கட்டை, கறுப்புக்கும் சாம்பல் நிறத்துக்கும் கருங்காலி இனத்து மரமொன்றின் காய், நீலத்துக்கு அவுரி. புளிக்க வைத்த அவுரித் தொட்டியிலிருந்து நூலை எடுக்கும் கணத்தில் அது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். கையில் பிடித்திருக்கும்போதே, காற்றுப் பட்ட இடமெல்லாம் நீலமாகிக்கொண்டு வரும். இதை உங்கள் அம்மா தம் கையாலேயே செய்து பார்க்கட்டும். வியந்தியானுக்கு வெளியே 1998இல் தொடங்கப்பட்ட ஹுவே ஹோங் பெண்கள் பயிற்சி மையத்தில் அதற்கு வாய்ப்பு உண்டு.

‘சின்’ எனும் லாவோ பாவாடை மூன்று துண்டுகளால் ஆனது: இடுப்புப் பட்டை, நடுப்பகுதி, அடிக்கரை. பெரும்பாலும் அடிக்கரையைத்தான் மிக நுணுக்கமாக, தனியாக நெய்து இணைப்பார்கள். அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் பெண்கள் இன்றும் இதையே உடுத்துவதால், உள்ளூர்ச் சந்தைகளில் உள்ளூர்ப் பெண்களே பேரம் பேசி வாங்குவதைக் காண்பீர்கள்; சுற்றுலாக் கடைகளைவிட அங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நுணுக்கமான ஓர் அடிக்கரைக்கே பல வாரங்கள் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், விலையைப் பாதியாகக் குறைக்கச் சொல்ல வாய் வராது.

மறுமொழி: மேகோங் கரையோரம்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மேலே எல்லோரும் சொன்னவை பெரும்பாலும் ‘தாய்’ (Tai) எனும் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இனங்களின் நெசவைப் பற்றியவை. லாவோசில் அரசே 50 இனங்களை ஏற்றுள்ளது. அவர்கள் எல்லோருடைய நெசவும் ஒன்றன்று. தெற்கே சாலவான், செகோங் பகுதிகளில் ‘கட்டு’ (Katu) எனும் இனப் பெண்கள் தரையில் அமர்ந்து, பாவின் ஒரு முனையைப் பாதங்களால் உந்திப் பிடித்து, மறுமுனையை இடுப்புப் பட்டையில் கட்டி நெய்கிறார்கள். வெண்மணிகளை ஊடை நூலில் கோத்துக்கொண்டே நெய்வதால், மணிகள் துணிக்குள்ளேயே அமர்ந்து கோலமாகின்றன, மேலே தைப்பதில்லை. ஹ்மோங் இனப் பெண்களோ ஹெம்ப் (hemp) எனும் செடியின் நாரை நூற்று நெய்து, மெழுகால் கோடு வரைந்து அவுரியில் தோய்க்கிறார்கள். மாலைச் சந்தையில் நீங்கள் காணும், வீடும் வயலும் போரும் ஆற்றைக் கடக்கும் மக்களுமாகத் தைத்த கதைத் துணிகள், 1975க்குப் பின் தாய்லாந்து அகதி முகாம்களில் வாழ்ந்த ஹ்மோங் மக்களிடையே உருவானவை.

தெற்குக்கும் வடகிழக்குக்கும் ஒரே பயணத்தில் போக முயன்றால் சாலையிலேயே நாள் கழியும். இம்முறை வியந்தியான், லுவாங் பிரபாங், போன்சவான் என்று வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு உடல் இடம் கொடுத்தால் போன்சவானில் வைத்து சாம் நுவாவை முடிவு செய்யுங்கள். கட்டு இனத்தாரின் துணியை லுவாங் பிரபாங் அருங்காட்சியகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி: அச்சும் விழுதும்

அம்மாவின் கேள்விக்கு விடை: அறுந்த நூலின் கண்ணியை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய நூலைப் பழைய நூலோடு முடிச்சிட்டு, குச்சிகளின் முன்பின் வரிசை மாறாமல் இழுத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு குச்சியின் இடம் தவறினாலும் அந்த ஒற்றைப் பாவிழையில் கோலம் பிசகும். கறுப்புப் பாவில் அந்தப் பிசகு பளிச்சென்று தெரியும். அங்கே எந்த நெசவாளரிடமும் இதைச் செய்துகாட்டச் சொன்னால் போதும். அவரும் உங்கள் அம்மாவும் பேசிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட மாட்டார்.